திரையில் 18 கிராம், சுவரில் 6: ரோபோ அப்லேஷனில் ஒரு விசைப் பிழையின் ஆய்வு

இதயத்தின் இடது மேலறையில், கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் நுனியால் சுட்ட இரண்டு புள்ளிகள். முதல் புள்ளியில், நுனி சுவரை அழுத்தும் விசை 18 கிராம் என்று திரை காட்டியது. 30 விநாடி சுட்டும் தசை சரியாக வேகவில்லை. இருபது நிமிடம் கழித்து இரண்டாவது புள்ளியில் 16 கிராம் காட்டியது; 17ஆவது விநாடியில் திசுவுக்குள் நீராவி வெடித்தது. இரண்டுக்கும் அதே கதீட்டர், அதே சென்சார், அதே ரோபோ. பிறகு சோதித்தபோது கருவியின் எந்தப் பாகத்திலும் பழுது இல்லை.

இது கற்பித்தலுக்காகத் தொகுத்த நிகழ்வு. ரோபோ வழி அப்லேஷனில், அதாவது இதயத் தசையைக் கதீட்டரால் சுடும் சிகிச்சையில், வழக்கமாக வரும் பிழைகளை ஒரே சிகிச்சையின் வரிசையில் அடுக்கியிருக்கிறோம். எந்தத் தனி நோயாளியின் பதிவேடும் அல்ல. நிகழ்வுக்குள் வரும் எண்கள் விளக்கத்துக்கானவை. கருவிகள், வரம்புகள், இயற்பியல் பற்றிச் சொல்பவை அப்படியல்ல. அவை நிஜமானவை.

நடந்தது

நோயாளிக்கு வயது 61. விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய்), மருந்துக்கு அடங்கவில்லை. நான்கு நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றிலும் சுட்டு, அவற்றை மேலறையிலிருந்து மின்னளவில் துண்டிப்பது திட்டம். இந்தச் சிரைகளிலிருந்து கிளம்பும் துடிப்புகள்தான் பெரும்பாலும் நோயைத் தூண்டுகின்றன என்று 1998ல் மிஷேல் ஹைசகேரின் போர்தோ குழு காட்டியதிலிருந்து இதுவே அடிப்படைச் சிகிச்சை. பொது மயக்கம் கொடுக்கப்பட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்து, உறைய எடுக்கும் நேரம் (ஏ.சி.டி.) 300 விநாடிக்கு மேல் வைக்கப்பட்டது. இதயத்துக்குள்ளேயே ஒரு எக்கோ கதீட்டர் இருந்தது.

சுடும் கதீட்டருக்கு 3.5 மி.மீ. நுனி எலெக்ட்ரோடு, அதில் சலைன் வழியும் துளைகள், எலெக்ட்ரோடுக்குச் சற்றுப் பின்னால் விசை சென்சார். கதீட்டர், ஷீத் எனப்படும் வளையும் உறைக்குழாய்க்குள் ஓடுகிறது. ஷீத்தை வளைப்பதும் கதீட்டரைத் தள்ளி இழுப்பதும் ரோபோவின் வேலை. மருத்துவர் கதிர்வீச்சுக்கு அப்பால், கட்டுப்பாட்டு மேசையில் இருக்கிறார்.

வலப்பக்கச் சிரைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. இடப்பக்கம் வந்ததும், மேல் சிரைக்கும் அப்பெண்டேஜ் என்கிற சிறு பைக்கும் நடுவே வரப்பு மாதிரி எழுந்து நிற்கும் தசைமேட்டில் தொல்லை தொடங்கியது. இந்த வரப்பு குறுகல்; நுனி இப்புறமோ அப்புறமோ வழுக்கி விழும். நுனி ஆடாமல் நிற்கட்டும் என்று கதீட்டர் ஷீத்துக்குள் இழுக்கப்பட்டு, நுனி மட்டும் வெளியே விடப்பட்டது. திரையில் 18 கிராம். 30 வாட், 30 விநாடி. விசையை நேரத்தால் பெருக்கிக் கூட்டும் கணக்கு 540 கிராம்-விநாடி. பலர் குறைந்தபட்சமாகக் கொள்ளும் 400ஐ இது தாராளமாகத் தாண்டுகிறது. ஆனால் இம்பீடன்ஸ், அதாவது நுனி சந்திக்கும் மின்தடை, 3 ஓம்தான் இறங்கியது. நல்ல தொடுகையில் 10 ஓம் அளவுக்காவது இறங்க வேண்டும். அந்த இடத்துத் தசையின் மின்பதிவான எலெக்ட்ரோகிராமும் சுருங்கவில்லை.

குழு சந்தேகப்பட்டது. அந்தச் சந்தேகம் சரி. "சென்சார் நகர்ந்திருக்கிறது" என்று முடிவுசெய்து, கதீட்டரைக் கொஞ்சம் வெளியே விட்டு, சிரையின் வாய்ப்புறத்தில் நிறுத்தி ஜீரோ வைத்தார்கள், அதாவது அந்த நேரத்து அளவையே பூஜ்யமாகக் கொள்ளச் சொன்னார்கள். அதுதான் தவறு. நுனி அங்கே ரத்தத்தில் மிதக்கவில்லை, பின்சுவரில் சாய்ந்திருந்தது. சுவர் தந்த சுமார் 14 கிராம் ஜீரோவுக்குள் புதைந்துபோயிற்று. தராசுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு பாசங்கம் (தட்டுகளின் சமன்) பார்த்த கதை.

அங்கிருந்து நுனியை எங்கும் மிதக்கவிடாமல் பின்சுவர் வழியாகவே இழுத்து அடுத்த புள்ளிக்குப் போனார்கள். திரையில் 5 கிராம். போதாதென்று ரோபோவுக்கு 2 மி.மீ. முன்னேற்றக் கட்டளை. திரை 16 ஆனது. உண்மையில் சுவரில் 30 கிராம், மூச்சு உள்ளே போகும்போது 45 வரை. மின்சக்தி 30 வாட்டிலேயே இருந்தது. இம்பீடன்ஸ் 24 ஓம் சரிந்து, சட்டென்று மேலே துள்ளியது. எக்கோவில் குமிழிகள் கொப்பளித்தன. மின்சாரம் உடனே நிறுத்தப்பட்டது. இதய உறையில் 4 மி.மீ. கசிவு தெரிந்தது. ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் கொடுக்கப்பட்டது, துளையிடும் ஊசித் தொகுப்பு திறந்து வைக்கப்பட்டது, ரத்த அழுத்தம் இறங்கவில்லை. 40 நிமிடம் பார்த்தும் கசிவு கூடவில்லை. வடிக்கத் தேவைப்படவில்லை. இடப்பக்கத்தைப் பாதியில் விட்டு முடித்தார்கள்.

முதல் பிழை: ஷீத்தின் உதடு

பதிவான விசைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், வரப்பின் மேல் வந்த 18 கிராம் ஏறக்குறைய நேர்கோடு. ஏற்ற இறக்கம் ஒரு கிராம்தான். துடிக்கிற இதயத்தின் சுவரைத் தொடும் எதுவும் அப்படி அசையாமல் நிற்காது. நல்ல தொடுகையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிற்றலை, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பேரலை என இரண்டும் தெரியும். கோடு தட்டையாக இருந்தால், சென்சாரை அழுத்துவது இதயத்தோடு சேர்ந்து ஆடாத ஏதோ ஒன்று. இங்கே அது ஷீத்தின் வாய்.

இதற்குச் சென்சாரின் அமைப்பே காரணம். நுனி எலெக்ட்ரோடுக்கும் கதீட்டர் உடலுக்கும் நடுவே விசைக்கு இளகும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. அது எவ்வளவு வளைகிறது, சுருங்குகிறது என்பதைத்தான் கருவி படிக்கிறது. டாக்டிகாத் கதீட்டர் அதை மூன்று ஒளியிழைகளால் படிக்கிறது. ஸ்மார்ட்டச் கதீட்டரில் ஒரு நுண்சுருள் வில்லும், காந்த அலை அனுப்பும் சுருளும், அதை வாங்கும் மூன்று உணர்சுருள்களும் உண்டு. எந்த வகையானாலும் அந்த இளகும் துண்டுக்கு முன்னால் எது தொட்டாலும் அது "தொடுகை விசை"தான். தொட்டது தசையா பிளாஸ்டிக்கா என்று சென்சாருக்குத் தெரியாது. ஷீத் வளைந்திருக்கும்போது அதன் வாயின் ஒரு ஓரம் கதீட்டரைப் பக்கவாட்டில் தாங்குகிறது. நுனி போதுமான அளவு வெளியே வராவிட்டால் அந்தத் தாங்கல் சென்சாரிலேயே விழுகிறது.

மேசைச் சோதனையில் இதைத் திரும்ப வரவழைப்பது எளிது. 37 டிகிரி நீர்த்தொட்டி, சிகிச்சையில் இருந்த அதே கோணத்துக்கு வளைத்த ஷீத், எதையும் தொடாத நுனி. கதீட்டரை ஒவ்வொரு மி.மீட்டராக உள்ளே இழுத்துக்கொண்டே அளவைக் குறிக்க வேண்டும். ஓரிடம் வரை 0, 1 என்று இருக்கும் எண், அடுத்த 2 மி.மீட்டருக்குள் 10, 12 என ஏறிவிடும். அந்த எல்லை ஷீத்துக்கும் கதீட்டருக்கும் ஏற்ப மாறும். ஆகவே எந்தச் சேர்க்கையைப் பயன்படுத்துகிறோமோ அதை வைத்தே அளந்து, குறைந்தபட்ச வெளிநீட்டலை ரோபோவின் மென்பொருளில் தடையாகப் போட வேண்டும். நிகழ்வில் 18ல் சுமார் 12 ஷீத்தின் பங்கு. சுவருக்குக் கிடைத்தது 6. 30 விநாடிக்கு 180 கிராம்-விநாடி. தசை வேகாததில் வியப்பில்லை.

இரண்டாவது பிழை: ஜீரோ ஒரு எண் அல்ல, ஒரு அம்பு

ஜீரோ தவறினால் எல்லா அளவும் ஒரே அளவுக்குக் கூடும் அல்லது குறையும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஓரச்சு சென்சாரில் அது உண்மை. இந்தக் கதீட்டர்களோ விசையை மூன்று அச்சில் அளந்து, திரையில் அதன் மொத்த அளவைக் காட்டுகின்றன. ஜீரோவில் புதைந்தது 14 கிராம் நீளமுள்ள ஓர் அம்பு. திரையில் வருவது, உண்மை விசையிலிருந்து அந்த அம்பைக் கழித்தபின் மிஞ்சும் அம்பின் நீளம்.

விளைவுகளைப் பாருங்கள். ஜீரோ வைத்தபோது அழுத்திய அதே திசையில் 30 கிராம் வந்தால் திரையில் 16. எதிர்த்திசையில் 30 வந்தால் 44. செங்குத்தாக வந்தால் 33, அதாவது கிட்டத்தட்ட சரி! ஒன்றையுமே தொடாமல் மிதக்கும்போது 14. ஒரே பிழை சுவருக்குச் சுவர் வேறு முகம் காட்டுகிறது. அதனால்தான் "முன்சுவரில் சரியாகத்தானே இருந்தது" என்ற வாக்குமூலம் இத்தகைய ஆய்வுகளில் எதையும் நிரூபிப்பதில்லை.

வெடிப்புக்குப் பின் நுனியை அறையின் நடுவுக்கு இழுத்ததும் திரை 14 காட்டியது. எக்கோவில் நுனி எதையும் தொடவில்லை. பிழையை அம்பலப்படுத்திய தடயம் அதுதான். பின்சுவருக்குப் போவதற்கு முன் மூன்று விநாடி மிதக்கவிட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஜீரோ வைக்கும் முறை இதுதான். நுனியும் சென்சாரும் ஷீத்துக்கு முழுதும் வெளியே இருக்க வேண்டும். நுனி அறையின் நடுவில் இருப்பதை எக்கோவிலோ, இரண்டு கோணங்களில் ஃப்ளூரோ என்ற நேரடி எக்ஸ்ரேயிலோ உறுதிசெய்ய வேண்டும். சலைன் ஓட்டத்தைச் சுடும்போது இருக்கும் அளவுக்கு ஏற்றி, எண் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கோட்டில் துடிப்பலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் நுனி எதையோ தொடுகிறது, அப்போது ஜீரோ பொத்தானைத் தொடவே கூடாது. ஜீரோ வைத்தபின் ஒரு முழு மூச்சுச் சுற்று வரை எண் 2 கிராமுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வலமிருந்து இடம் மாறும்போதும், ஷீத்துக்குள் போய்த் திரும்பினாலும், இதே சோதனை மறுபடியும்.

சலைனை ஏன் இந்தப் பேச்சுக்குள் இழுத்தோம்? ஸ்மார்ட்டச் வகையில் சுடாதபோது நிமிடத்துக்கு 2 மி.லி. ஓடுகிறது, 30 வாட் வரை சுடும்போது 17 மி.லி., அதற்கு மேல் 30 மி.லி. அறை வெப்பநிலையில் உள்ள சலைன் திடீரென்று கூடும்போது நுனிப்பகுதி குளிர்கிறது. ஒளியிழையில் பிராக் கிரேட்டிங் (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்வரிகள்) வைத்துச் செய்யும் சென்சார்களை எடுத்துக்கொண்டால், 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு டிகிரி மாற்றம் சுமார் 10 பிகோமீட்டர் நகர்வு தருகிறது; ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் நீட்சி (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தருவது 1.2 பிகோமீட்டர். ஐந்து டிகிரி குளிர்ந்தால் சுமார் 40 மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சமமான பொய் உருவாகிறது. மூன்று இழைகளை 120 டிகிரி இடைவெளியில் வைத்தால் வளைவில் ஒன்று நீளும், மற்றது சுருங்கும்; வெப்பமோ மூன்றையும் ஒன்றுபோல நகர்த்தும். ஆக, பக்கவாட்டு விசையிலிருந்து வெப்பத்தைக் கழித்துவிடலாம். நேராகத் தள்ளும் விசையும் மூன்றையும் ஒன்றுபோலத்தான் நகர்த்துகிறது என்பதுதான் சங்கடம். அதைப் பிரிக்கத் தனியாக ஒரு வெப்பமானி வேண்டும், அல்லது விசைபடாத நான்காவது இழை வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும் ஒளியிழையை நாடுவதற்குக் காரணம், 500 கிலோஹெர்ட்ஸ் அளவில் மின்சாரம் பாயும் நுனியில் அது இரைச்சலை வாங்காது, இதயத்துக்குள் கசிவு மின்னோட்டத்தையும் கொண்டுவராது. இதயத்தை நேராகத் தொடும் கருவிக்கு இயல்பு நிலையில் அனுமதிக்கப்பட்ட கசிவு 10 மைக்ரோஆம்பியர்தான்.

ரோபோவுக்கு எங்கே தெரிந்திருக்க வேண்டும்

ரோபோ மருத்துவரின் தொடுவுணர்வைப் பறித்துவிட்டது என்ற குற்றச்சாட்டு இந்தத் துறையில் பழையது. அதைக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல வேண்டும். கையால் கதீட்டரைப் பிடித்தவருக்கும் நுனி ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது; நடுவில் ஷீத் உராய்கிறது. அவர் உணர்வது பெரும்பாலும் அந்த உராய்வைத்தான்.

உராய்வின் கணக்கு கடுமையானது. வளைந்த குழாயில் விசை, உராய்வுக் கெழுவையும் மொத்த வளைவுக் கோணத்தையும் பெருக்கிய அடுக்கில் தேய்கிறது. கெழு 0.2, மொத்த வளைவு 180 டிகிரி என்றால் அடியில், அதாவது ரோபோ பிடித்திருக்கும் முனையில், தள்ளிய 100 கிராமில் நுனிக்குப் போவது 53. வளைவு 270 டிகிரி ஆனால் 39. இழுக்கும்போது உராய்வு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. எனவே மோட்டார் மின்னோட்டத்தை வைத்து நுனி விசையை ஊகிப்பது, நேர்ப்பாதையில் பரவாயில்லை, வரப்பின் மேல் வீண்.

இந்தச் சிக்கலுக்கு ஹேன்சன் மெடிக்கலின் சென்செய் ரோபோ கண்ட வழி சாமர்த்தியமானது. அமெரிக்காவில் 2007ல் அனுமதி பெற்ற அந்தக் கருவி, கதீட்டரை ஷீத்துக்குள் இடைவிடாமல் சிறிதளவு முன்னும் பின்னும் ஆட்டி, அடிப்பக்கத்தில் எதிர்ப்பை அளந்தது. போகும்போதும் வரும்போதும் உராய்வின் குறி மாறுவதால், அதைப் பிரித்து நுனி விசையை மதிப்பிட முடிந்தது. சாதாரண கதீட்டரையே போடலாம் என்பது அதன் பலம். அளப்பது பெரும்பாலும் நீளவாக்கில் வரும் விசையை மட்டுமே என்பது பலவீனம். நுனி பக்கவாட்டில் சுவரை உழுதால் அடியில் அவ்வளவாகத் தெரியாது. ஸ்டீரியோடாக்சிஸின் நையோபி வேறு தத்துவம்: வெளியே இரண்டு பெரிய நிலைக்காந்தங்கள், துவண்டுபோகும் மென்கதீட்டர். தள்ளும் வலுவே சிறியது என்பதால் துளைக்கும் அச்சம் குறைவு. போதிய அழுத்தம் கிடைக்கிறதா என்பதே அங்கே கேள்வி. வால்வு தைக்கும் அறுவை ரோபோக்களின் கதை தனி. டா வின்சி 2000ல் அமெரிக்க அனுமதி பெற்று, விசையைக் கைக்குத் திருப்பித் தரும் கருவிகளோடு டா வின்சி 5 வந்தது 2024ல். நடுவில் இருந்த காலமெல்லாம் நூல் எவ்வளவு இறுகியது என்பதைக் கண்ணால் பார்த்தே முடிச்சுப் போட்டார்கள்.

நம் நிகழ்வுக்கு வருவோம். நுனியில் நல்ல சென்சார் இருந்தது. அடியில் ரோபோவின் தள்ளுவிசையும் பதிவாகிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட மட்டும் ஆளில்லை. பின்சுவருக்கு வந்து நின்றபோதே, நுனி 5 கிராம் என்றது. அடியிலோ வலப்பக்கத்தில் 20 கிராம் தொடுகைக்குத் தேவைப்பட்ட அதே அளவு தள்ளுவிசை இருந்தது. அடி அளவு துல்லியமில்லாததுதான். ஆனால் அதன் பிழைக்கும் நுனிச் சென்சாரின் பிழைக்கும் மூலம் வேறு. நுனியின் ஜீரோ கெட்டால் அடி கெடாது. இரண்டும் இவ்வளவு விலகினால் முன்னேற்றக் கட்டளையை மறுத்து "மிதக்கவிட்டுப் பார்" என்று சொல்வதற்கு அது போதும்.

40 கிராமில் ஒலிக்கும் எச்சரிக்கை இருந்தது, ஆனால் அது பிழையான எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மை விசை 45ஐத் தொட்டபோது அதற்கு எட்டியது 31. பன்றி இதயத்தில் செய்த சோதனை ஒன்றில் 77 கிராமிலேயே சுவர் துளைபட்டிருக்கிறது. சுட்ட இடத்தில் தாங்கும் வலு இன்னும் குறையும். 40 என்ற வரம்பு தரும் இடைவெளியில் 14ஐ ஜீரோ தின்றுவிட்டது. விசை, நேரம், மின்சக்தி மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் அப்லேஷன் இன்டெக்ஸும் இங்கே காப்பாற்றாது. முன்சுவரில் 550, பின்சுவரில் 400 என்ற இலக்குகள் விசை சரி என்ற நம்பிக்கையில் நிற்பவை. இந்த வரிசையில் கெடாத ஒரே சாட்சி இம்பீடன்ஸ். முதல் புள்ளியில் அது இறங்க மறுத்தது, இரண்டாவதில் அளவுக்கு மீறி இறங்கியது. இரண்டு முறையும் உண்மையைச் சொன்னது. 10 விநாடிக்குள் 15 ஓமுக்கு மேல் சரிந்தால் மின்சாரத்தை வெட்டும் ஏற்பாடு இருந்திருந்தால், திரையில் விசை என்னவாக இருந்தாலும் வெடிப்பைத் தவிர்த்திருக்கலாம்.

பின்சுவரில் 30 வாட்டை அப்படியே விட்டது தனித் தவறு. அங்கே சுவர் சில மி.மீட்டர்தான், அதன் பின்னால் உணவுக்குழாய். திரை விசை குறைவாகக் காட்டியதால் மின்சக்தியைக் குறைக்கத் தோன்றவில்லை.

பிறகு

பின்சுவரில் வெடிப்பு நடந்தால், கசிவு நின்றதோடு விஷயம் முடியாது. உணவுக்குழாய்க்கும் மேலறைக்கும் நடுவே துளை விழுவது அரிது. விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தலைகாட்டும், சில நேரம் இரண்டு மாதம் வரையிலும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, பக்கவாத அறிகுறி என எது வந்தாலும் நேராக மார்பு சி.டி. எடுக்க வேண்டும். காற்றூதிச் செய்யும் எண்டோஸ்கோப்பி கூடாது. துளை வழியே காற்று இதயத்துக்குள் போய் மூளையை அடைக்கும். நோயாளியிடமும் வீட்டாரிடமும் இதை எழுத்தில் கொடுத்து, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கி அனுப்பினார்கள். இரண்டு மாதம் எதுவும் நேரவில்லை.

கருவியில் செய்த மாற்றங்கள் மூன்று. வெளிநீட்டல் குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் விசை எண் சாம்பல் நிறமாகி, கணக்கில் சேராது. கடைசி அரை நிமிடக் கோட்டில் இதயத்துடிப்பின் அதிர்வெண் தெரிந்தால் ஜீரோ பொத்தான் இயங்காது. ஒவ்வொரு ஜீரோவும் வைத்த நேரத்தோடு நுனியின் முப்பரிமாண இடத்தையும் சேர்த்துப் பதிவாகும். பழைய பதிவில் நேரம் மட்டுமே இருந்தது. நுனி எங்கே இருந்தது என்பதை எக்கோ காணொளியை விநாடி விநாடியாக ஒட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க நேர்ந்தது.

மூன்று மாதத்துக்குப் பின் படபடப்பு திரும்பியதால் இரண்டாவது முறை உள்ளே போனார்கள். பாதியில் விட்ட இடங்களைத் தவிர, முடிந்ததாகக் குறித்திருந்த பகுதியிலும் ஓர் இடைவெளி மின்சாரத்தைக் கடத்தியது. அது வரப்பின் மேல், திரை 18 கிராம் காட்டிய அதே புள்ளி. இம்முறை நுனி 10 மி.மீ. வெளியே, மிதக்கவிட்டு வைத்த ஜீரோ, 8க்கும் 20க்கும் நடுவே அலையும் கோடு. 11ஆவது விநாடியில் சிரைக்குள் இருந்த மின்துடிப்பு மறைந்தது.